பேஸ் பொட்டிக்குத் தோஷம் கழித்த கதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருடம் வைகாசி மாதத்தில், சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்களின் கண்டக்டர்கள் புதிதாக ஒரு நிறுத்தத்தைக் கூவ ஆரம்பித்தார்கள். புதுச்சத்திரம் தாண்டி அரை மைல். அங்கே ஊரும் கிடையாது, கடையும் கிடையாது. ஒரு புளியந்தோப்பு மட்டும் உண்டு. "மைக் சாமி எறங்குங்கோ!" என்று விசில் ஊதினால் பாதி பஸ் காலியாகும். தேங்காய் பழத்தோடு இறங்கியவர்கள் கொஞ்சம். தோளில் கூம்பு ஒலிபெருக்கியைச் சுமந்துகொண்டு இறங்கியவர்கள்தான் அதிகம்.

தோப்புக்குள் போனால் தர்மாஸ்பத்திரி வராந்தா தோற்றது. வரிசையாகக் கூம்புகள் வாயைப் பிளந்து படுத்துக் கிடக்கும். பக்கத்தில் ஆம்ப்ளிபயர்கள், வாலைச் சுருட்டிக்கொண்ட மைக்குகள், பேசாத ரேடியோக்கள். ஒவ்வொன்றுக்கும் அருகில் கவலையோடு ஒரு சொந்தக்காரர். ஒரு மூலையில் காது கேட்காத பெரியவரையும் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். காதும் ஒலிபெருக்கியும் சாமிக்கு ஒன்றுதானே!

சாமியின் பெயர் நாதச்சித்தர். சடைமுடி, காவி, இரண்டு காதிலும் அடைத்த சந்தனம். காதைச் சந்தனத்தால் அடைத்துக்கொண்டு எப்படிக் கேட்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாத கேள்விகளை வீட்டில் வைத்துவிட்டு வருவதுதானே பக்தி.

வைத்தியம் சுலபமானது. மைக்கை வாங்கிக் காதில் வைப்பார். கண்ணை மூடுவார். பிறகு கண்ணைத் திறக்காமலே சொல்வார்:

"இந்த மைக் ஒரு சாவு வீட்டுக்குப் போய் வந்திருக்கிறது மகனே. ஒப்பாரி உள்ளே இறங்கிவிட்டது."

மைக் செட்டுக்காரர் அப்படியே காலில் விழுவார். "ஆமாங் சாமி! போன மாசங்கூட ஒரு எழவு ஊட்டுக்குப் போச்சுங்! எப்படிங் கண்டுபுடிச்சீங்க?"

நாமக்கல் தாலுகாவில் சாவு வீட்டுக்குப் போகாத வாடகை மைக் ஒன்றைக் காட்டுகிறவருக்கு என் பேனாவையே பரிசாகக் கொடுக்கிறேன். இதற்கும் மசியாதவரிடம் சாமி அடுத்த அம்பை விடுவார்: "தேர்தல் கூட்டத்துக்கும் போயிருக்கிறது. பொய் ஏறிவிட்டது." இதற்கு மேல் யாரால் மறுக்க முடியும்?

சாதாரண தோஷமென்றால் திருநீறு. கடுமையான தோஷமென்றால் அந்த மைக்கைச் சாமியிடமே விட்டுவிட வேண்டும். அவர் சாக்கில் போட்டுக்கொண்டு பள்ளிபாளையம் போய்க் காவிரியில் விட்டுவிடுவார். பதிலுக்குத் தட்சிணை வைத்தால், மஞ்சள் துணி சுற்றித் தைத்த உருவேற்றிய மைக் ஒன்று கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனை: துணியைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் உள்ளே இருக்கும் நாதம் பறந்துவிடும்.

இன்னொரு விசேஷம். கடுமையான தோஷம் எப்போதும் நல்ல மைக்குகளைத்தான் பிடித்தது. தகர டப்பா மாதிரிக் கத்துகிற மைக்கை எந்தப் பீடையும் எட்டிப் பார்த்ததில்லை. பீடைக்கும் ரசனை இருக்கிறது.

இப்படியாக ஒரு வியாழக்கிழமை, நாமக்கல் வேலுமணியும் தோப்புக்கு வந்து சேர்ந்தார்.

வேலுமணி இருபது வருஷமாக மைக் செட் வைத்திருக்கிறவர். சொந்தமாக ஒரு மெல்லிசைக் குழுவும் உண்டு. அவருக்கு ஓர் ஆசை: தன் குழுவின் பாட்டு ஒரு கேசட்டாக வர வேண்டும், அதை நாமக்கல் லாரிகள் வடநாடு வரைக்கும் பாடிக்கொண்டு போக வேண்டும். லாரி டிரைவருக்குப் பாட்டு வார்த்தை முக்கியமில்லை. சீட்டுக்கு அடியில் கும் கும் என்று உதைக்க வேண்டும். ஆகவே பேஸ் கிடார்தான் கேசட்டின் உயிர் என்று வேலுமணி சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த பேஸ் கிடாரை வாசிக்கிறவன் பொன்னன். பகலில் லாரி பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை. இடது கைக்காரன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவன் இடது கையை அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் சிலேட்டைக் கொடுத்தார். கல்யாண வீட்டில் அவன் பரிமாற வந்தால், "அந்தப் பீச்சாங்கையில கரண்டியத் தொடாதீடா" என்று வாளியைப் பிடுங்கினார்கள். பட்டறையில் மட்டும் அவன் இடது கையால் அடித்த ஆணிகள் ஒழுங்காகவே நின்றன. அந்த லாரிகள் கல்கத்தாவுக்குப் போய்த் திரும்பியும் வந்தன. கிடாரைத் திருப்பிப் பிடித்து, தந்திகளை மாற்றி மாட்டித் தானாகவே பழகினான். அவன் கையைப் பார்த்து ஒருவரும் முகம் சுளிக்காத இடம் உலகத்தில் அந்தக் குழு ஒன்றுதான். கேசட் அட்டையில் 'பேஸ் கிடார்: பொன்னன்' என்று அச்சடிப்பதாக வேலுமணி வாக்குக் கொடுத்திருந்தார். பொன்னனின் பெண்டாட்டி அதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்திருந்தாள்.

ஒலிப்பதிவுக்கு இடம், புதுச்சத்திரத்தில் மயிலம்மாள் என்ற அம்மாளின் கோழிக் கொட்டகை. கோழிகளை விற்றாகிவிட்டது; அடுத்த குஞ்சுகள் திங்கட்கிழமை வருகின்றன. நடுவில் ஒரு வாரம் காலி. தரையில் புதுசாகச் சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தது. எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை அடித்தார்கள். வாசனையைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. நல்லவேளை, டேப்பில் வாசனை பதியாது.

டேப்பில் பதிந்தது வேறு ஒன்று. பொன்னன் தந்தியைத் தட்டினால் கொட்டகைக்குள் கும்மென்று இறங்கியது. டேப்பைத் திருப்பிப் போட்டால் 'கொரகொர'வென்று பன்றி உறுமியது.

வேலுமணி மைக்கை மாற்றினார். அவரிடம் மூன்று மைக் இருந்தது. பேட்டரி போடும் ஒல்லி மைக்குக்குப் பெயர் பென்சில். எல்லாரும் பாடுகிற உருண்டைத் தலை மைக் பந்து. மூன்றாவது பழையது, கனமானது, வயிறு பெருத்தது. சிங்கப்பூர் மச்சினர் கொடுத்தது. அதற்குப் பெயர் சொரக்காய். பென்சிலை வைத்தார்: கொரகொர. பந்தை வைத்தார்: கொரகொர. சொரக்காயை வைத்தார்: கொர். எதை வைத்தாலும், கிடார் சத்தம் வெளியே வருகிற பேஸ் பொட்டியின் வலையைக் கழற்றி, உள்ளே இருக்கும் காகிதக் கூம்பின் நட்ட நடுவில், முத்தம் கொடுக்கிற மாதிரி ஒட்ட வைத்தார்.

ஏன் அப்படி? இருபது வருஷப் பழக்கம். திருவிழாவில் மைக்கை வாயிலிருந்து தள்ளி வைத்தால் கூம்பு ஒலிபெருக்கி ஊளையிடும். அதனால் பேச வந்தவர் தலைவரானாலும் பூசாரியானாலும் வேலுமணியின் கை தானாகவே போய் மைக்கை அவர் வாயில் திணித்துவிடும். கொட்டகைக்குள் அந்த ஒலிபெருக்கியும் இல்லை, ஊளையும் இல்லை. ஆனால் கைக்கு அது தெரியவில்லை. தலையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். தலையை யாரும் கேட்கவில்லை. நேராகச் சாமியைப் போய்க் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நாதச்சித்தர் கோழிக் கொட்டகைக்கு எழுந்தருளினார். பின்னால் தோப்புக் கூட்டம் முழுவதும் வந்தது. மயிலம்மாள் வாசலில் ஆரத்தி எடுத்தார். கோழி இருந்த இடத்தில் சாமி கால் வைத்ததில் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

சாமி மூன்று மைக்கையும் காதில் வைத்துப் பார்த்தார். பென்சிலுக்குச் சில்லறைத் தோஷம். பந்துக்கும் அப்படியே. சொரக்காயைத் தொட்டதும் கை உதறியது.

"இது மகா தோஷம்! கப்பலில் செத்தவன் ஒருவனுடைய மூச்சு இதற்குள் இருக்கிறது. காவிரிதான் இதற்கு வழி."

பிறகு பேஸ் பொட்டியைச் சுற்றி வந்தார். கிடாரோடு நின்ற பொன்னனின் கையைப் பார்த்தார். கண்ணை மூடினார்.

"யார் இவன்?"

"பொன்னனுங் சாமி. நல்லா வாசிப்பானுங்" என்றார் வேலுமணி.

"எந்தக் கையால் வாசிக்கிறான் பார்த்தாயா? சோற்றுக்கு ஒரு கை, அசுத்தத்துக்கு ஒரு கை. அசுத்தக் கையால் நாதத்தைத் தொட்டால் நாதம் உறுமாமல் என்ன செய்யும்? இவன் கை படுகிற வரைக்கும் உன் பாட்டு ஊர் போய்ச் சேராது."

கூட்டம் உச்சுக் கொட்டியது. "அதானே பாத்தேன், பீச்சாங்கையில தட்டுனா சாமி பொறுக்குமா!" என்றார் ஒருவர். அவர் ஒரு நிமிஷத்துக்கு முன்பு வரைக்கும் எதையுமே பார்க்கவில்லை.

பொன்னன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். அரைஞாண் கயிறு மறுபடியும் மணிக்கட்டில் இறுகுகிற மாதிரி இருந்தது அவனுக்கு.

சாமி பரிகாரம் ஆரம்பித்தார். பொன்னனை வெளியே நிறுத்தினார்கள். வேலுமணியின் மச்சான் ராசுவின் கழுத்தில் ஒரு வலது கை கிடார் ஏறியது. ராசுவுக்கு இரண்டே இரண்டு சுரம் தெரியும். அதிலும் ஒன்று சந்தேகம். மஞ்சள் துணி மைக் ஸ்டாண்டில் ஏறியது. சாம்பிராணிப் புகை கண்ணை மறைத்தது. "எல்லோரும் கண்ணை மூடுங்கள்!" சங்கு முழங்கியது. கண்ணை மூடிய பக்திக்கு எதிரில் யார் என்ன செய்தாலும் தெரியாது என்பதை விளக்கத் தேவையில்லை. பிறகு ராசு தட்டினான். டேப்பைத் திருப்பிப் போட்டார்கள்.

கும்... கும்... கும்.

தெளிவென்றால் அப்படித் தெளிவு. உறுமல் போன இடம் தெரியவில்லை. மயிலம்மாள் தரையில் விழுந்து கும்பிட்டு முகமெல்லாம் சுண்ணாம்போடு எழுந்தார்.

"நாளைக்கு மத்தியானம் வருவேன். இந்த மைக்கை உனக்கே தருகிறேன். தட்சிணையும் அந்தத் தோஷ மைக்கும் தயாராக இருக்கட்டும்" என்றார் சாமி. பொன்னனைக் காட்டி, "இவன் இருக்கக் கூடாது" என்றார். சொல்லிக்கொண்டே மைக் வயரை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் சரசரவென்று சுற்றி, கடைசியில் ஒரு முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டினார்.

வேலுமணி பொன்னனிடம் வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "பொன்னா, தப்பா நெனைக்காத. கேசட்டு வரட்டும். பொறவு கச்சேரிக்கெல்லாம் நீதான். இந்த ஒண்ணுக்கு மட்டும் ராசு வாசிக்கட்டும்."

"பேருங்ண்ணா?"

"அதான்... ராசு பேரு போட்டுக்கலாம்."

பொன்னன் போய் வேப்பமர நிழலில் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் வசந்தாமணி இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். அவள் குழுவின் பாடகி. மற்ற நேரத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஒரு நாளைக்கு முந்நூறு பேர் குரல் அவள் காதுக்குள் போய் வரும். எதையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. இதற்காகக் குழுவில் அவளுக்கு 'தாசில்தார்' என்று பட்டப்பெயர்.

"ஏன் பொன்னா, நீயும் நம்பிட்டியா?"

"கேட்டீங்கல்லங்க்கா? அவன் தட்டுனா தெளிவா வருது. நான் தட்டுனா உறுமுது. கையிலதானே இருக்குது தோஷம்."

"டீயக் குடி. நேத்து இருந்ததுல இருந்து இன்னைக்கு என்னென்ன மாறுச்சு, சொல்லு."

"ஆளு மாறுச்சுங்க."

"அப்பறம்?"

"மைக்கு."

"அப்பறம்?"

"பொகையடிச்சாரு. சங்கு ஊதுனாரு. வேறொண்ணுமில்லீங்க."

"இன்னொண்ணு இருக்குது, வந்து பாரு."

கொட்டகைக்குள் கூட்டிப்போனாள். பேஸ் பொட்டிக்கு முன்னால் சுண்ணாம்புத் தூளில் மைக் ஸ்டாண்டின் மூன்று கால் தடம் பதிந்திருந்தது. பொட்டியை ஒட்டி ஒரு மூன்று தடம், அது வேலுமணி வைத்தது. அதற்கு ஒரு சாண் பின்னால், நான்கு விரல் ஓரமாக இன்னொரு மூன்று தடம்.

பொன்னன் குனிந்து பார்த்தான். சாணால் அளந்தான். மறுபடி அளந்தான்.

"எக்ஸ்சேஞ்சுல தெனமும் பாக்கறேன்" என்றாள் வசந்தாமணி. "பள்ளிபாளையம் நூல் வியாபாரி ஒருத்தரு ரிசீவர வாய்க்குள்ளயே வெச்சுக் கத்துவாரு. அந்தப் பக்கம் கொரகொரன்னுதான் கேக்கும். 'கொஞ்சம் தள்ளிப் புடிச்சுப் பேசுங்க'ன்னா அதே மனுசன், அதே போனு, கண்ணாடியாட்டம் கேக்கும். அவருக்கு நான் ஒரு நாளும் சாம்பிராணி போட்டதில்ல."

"அப்ப கை?"

"நாலு சாமானத்த ஒண்ணா மாத்திப்போட்டு, கொணமாச்சுன்னதும் பழிய மட்டும் உன்ற கை மேல போட்டுட்டாங்க. ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தாத்தானே எதுன்னு தெரியும்? நாளைக்குப் பாத்துப்போடலாம். அப்பறம், அந்தச் சாமி வயரு சுத்துனதப் பாத்தியா? வேலுமணி அண்ணனே அவ்வளவு சுத்தமாச் சுத்த மாட்டாரு. எந்த மலையில தவமிருந்தா அது வருதுன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

வேலுமணியிடம் அவள் சந்தேகம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. "அண்ணா, சாமியோட காது தெய்வக் காது. நாளைக்கு எல்லாரு முன்னாலயும் ஒரு சோதனை வெச்சா அவருக்கு எவ்வளவு பேரு! நம்ம கேசட்டுக்கும் பேரு" என்றாள். வேலுமணிக்கு வாயெல்லாம் பல். "செஞ்சுபோடு அம்மிணி!"

சனிக்கிழமை மத்தியானம் கொட்டகை கொள்ளவில்லை. சேந்தமங்கலத்திலிருந்துகூட மைக் செட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். பேஸ் பொட்டிக்கு முன்னால் சாக்குப் படுதா தொங்கியது. சாமி பலகை போட்ட மேடை மேல் உட்கார்ந்து தேங்காய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

வசந்தாமணி கும்பிட்டாள். "சாமி, படுதாவுக்குப் பின்னால ரெண்டு தடவ பதிவு பண்ணுவோம். சாமியோட மைக்கும் இருக்கும், தோஷ மைக்கும் இருக்கும். ராசுவும் வாசிப்பான், பொன்னனும் வாசிப்பான். டேப்பப் போடறோம். எது எந்த மைக்கு, எந்தக் கைன்னு சாமி கண்ண மூடிச் சொன்னாப் போதும்."

சாமி தேங்காயைக் கீழே வைத்தார். "சித்தர்களைச் சோதிப்பது பாவம்."

"சோதனை இல்லீங் சாமி, மகிமை!" என்று கத்தினார் வேலுமணி. "சாமி மைக்க எடுத்தாலே சாவு ஊட்டுக்குப் போனதச் சொல்றவரு. இது எம்மாத்திரம்!" கூட்டம் கைதட்டியது. பாவம், சித்தரை மாட்டிவிட்டது சந்தேகக்காரர்கள் இல்லை. பக்தர்கள்.

எதை எப்படிப் பதிவு செய்யப் போகிறோம் என்று வசந்தாமணி முன்னாலேயே ஒரு தாளில் எழுதி மடித்து, மயிலம்மாளிடம் கொடுத்திருந்தாள். மயிலம்மாளைவிடப் பெரிய பக்தை இல்லை என்பதால் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. அவர் அதைச் சுருக்குப் பைக்குள் வைத்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

இரண்டும் பதிவாயின. டேப் ஓடியது.

முதல் பதிவு: கொர்ர், கொர்ர், கொரகொர.

சாமி முகத்தைச் சுளித்தார். "அடடா, அதே உறுமல்! தோஷ மைக். அசுத்தக் கை."

இரண்டாவது பதிவு: கும், கும், கும். நெஞ்சுக்குள் யாரோ மெத்தென்று குத்துகிற மாதிரி.

சாமியின் முகம் மலர்ந்தது. "இது என் மைக். இதில்தான் நாதம் இருக்கிறது. வலது கை. குழந்தைக்கும் தெரியும்."

"ஆகா!" என்றது கூட்டம்.

"ஆத்தா, அந்தத் தாள அண்ணன்கிட்டக் குடுங்க" என்றாள் வசந்தாமணி.

மயிலம்மாள் சுருக்குப் பையை அவிழ்த்தார். வேலுமணி தாளைப் பிரித்துக் கச்சேரியில் அறிவிக்கிற குரலில் கம்பீரமாக ஆரம்பித்தார். "ஒண்ணாவது பதிவு! சாமி குடுத்த மஞ்சள் துணி மைக்கு... வாசிச்சது... ராசு... வலது கை..." குரல் இறங்கியது. "மைக்கு இருந்த எடம், கூம்ப ஒட்டி." தாளைத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டாவது... சொரக்காய். வாசிச்சது பொன்னன். பீச்சாங்கை. மைக்கு இருந்த எடம், ஒரு சாண் தள்ளி."

கூட்டம் சாமியைத் திரும்பிப் பார்த்தது.

"தாளை மாற்றிவிட்டார்கள்!" என்றார் சாமி.

"ஆரு? நானா மாத்துனேன்?" மயிலம்மாள் எழுந்து நின்றுவிட்டார். "என்ற இடுப்புல இருந்துதுங் சாமி தாளு! என்னையத் திருடிங்கறீங்களா?" அரை நிமிஷத்தில் சாமி தன் முதல் பக்தையை இழந்தார்.

வசந்தாமணி படுதாவை விலக்கினாள். "தாளு பொய்யாவே இருக்கட்டும். கண்ணு பொய்யில்லையே? எல்லாரும் கண்ணத் தொறந்து வெச்சுப் பாருங்க. பொன்னா, வாசி. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத."

பொன்னன் கூட்டத்துக்கு முன்னால் வந்தான். மறைக்காமல் இடது கையைத் தந்தி மேல் வைத்தான். மஞ்சள் துணி மைக் கூம்பை ஒட்டி நின்றது. டேப் சுழன்றது. வாசிக்க வாசிக்க, வசந்தாமணி ஸ்டாண்டைப் பிடித்து மெதுவாக ஒரு சாண் பின்னால் இழுத்து, நான்கு விரல் ஓரமாகத் தள்ளினாள். அவ்வளவுதான். புகை இல்லை, சங்கு இல்லை.

டேப்பைத் திருப்பிப் போட்டார்கள். கொரகொர... கொர்... கும். கும். கும். நடுப்பாட்டில் பன்றி ஓடிப்போனது எல்லாருக்கும் கேட்டது. காது கேட்காத பெரியவரையும் கூட்டி வந்திருந்தார்கள். அவர் மட்டும் சாமியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அதே மைக்கு, அதே ஆளு, அதே பீச்சாங்கை" என்றாள் வசந்தாமணி. "எடம் மட்டும்தான் மாறுச்சு. நேத்து நாமெல்லாம் கண்ண மூடினப்ப சாமி செஞ்சதும் இதேதான். சுண்ணாம்புல தடம் கெடக்குது, பாத்துக்குங்க."

சாமி எழுந்தார். "பெண் கை பட்டதால் என் மைக்கின் நாதம் போய்விட்டது. இனி இங்கே நிற்க மாட்டேன்." மைக்கை எடுக்கக் கை நீட்டினார்.

பொன்னன் குறுக்கே நின்றான். அவன் அதுவரை சாமியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "நாதந்தான் போயிருச்சுங்களே சாமி. அப்பறந் துணி எதுக்குங்க?"

அவன் கையில் பட்டறைக் கத்தி இருந்தது. இடது கையில்தான். ஒரே கீறல். மஞ்சள் துணி பிரிந்து விழுந்தது. உள்ளே பளபளவென்று ஒரு பந்து மைக். வேலுமணியின் விரல்கள் பழக்கத்தில் அதன் தலையைத் திருகிக் கழற்றின. திருவிழாவில் நாலைந்து செட்டுகள் கலந்து போகும் என்பதால் மைக் செட்டுக்காரர்கள் எல்லாரும் தலைக்கு அடியில், மரையில், ஒரு ரகசிய அடையாளம் வைப்பார்கள். இதில் சிவப்பு நகப்பூச்சில் மூன்று புள்ளி இருந்தது.

"மூணு சிவப்புப் புள்ளி ஆரோடதுங்க?" என்று கேட்டார் வேலுமணி.

பின்னாலிருந்து ஒரு குரல் அலறியது. "என்றதுங்க! என்ற மைக்குங்க!" சேந்தமங்கலம் மைக் செட் தங்கசாமி ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்தார். "போன வாரம் மகா தோஷம்னு சொல்லி வாங்கிட்டுப் போனாருங்க! காவேரியில விட்டுப்போட்டேன்னு சொன்னாருங்க!"

"காவிரி திருப்பிக் கொடுத்தது" என்றார் சாமி. அந்த நிலைமையிலும் அவருக்கு இது தோன்றியதை நான் பாராட்டுகிறேன்.

தோப்பிலிருந்த சாக்கைத் தூக்கிவந்து கொட்டினார்கள். பதினோரு மைக் உருண்டது. ஒவ்வொருவரும் தலையைத் திருகுவதும், "இது என்றது!", "பச்சைக் கோடு என்றது!" என்று கத்துவதுமாகக் கொட்டகை சந்தையானது. காவிரி எல்லாருக்கும் பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்திருந்தது.

தங்கசாமி சாமியின் சடையைப் பிடித்தார். சடை கையோடு வந்தது. முகத்தை உற்றுப் பார்த்தார். "அட, நீ ஆத்தூர் டூரிங் டாக்கீசுல மைக்கு வயரு இழுத்துட்டு இருந்த அங்கமுத்துதானே?"

"யோவ், விடுய்யா! சட்டையக் கிழிக்காத!" என்றார் நாதச்சித்தர். 'மகனே' எல்லாம் போய் ஆத்தூர்ப் பேச்சு வந்துவிட்டது. புதுச்சத்திரம் போலீசுக்கு ஆள் போனது. கண்டக்டர்கள் பாவம், மறுநாளிலிருந்து ஒரு நிறுத்தத்தைக் கூவ முடியாமல் போனது.

கூட்டம் கலைகிறபோது ஓர் அம்மாள் வசந்தாமணியின் பக்கத்தில் வந்தாள். கையில் பேசாத ரேடியோ. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அம்மிணி, அந்தாளு போனாப் போறான் உடு. உன்றகிட்ட நல்ல சக்தி இருக்குது. இதுக்கு ஒரு கயிறு மந்திரிச்சுக் குடு சாமி."

வசந்தாமணி ரேடியோவைத் திருப்பிப் பார்த்தாள். "பேட்டரி எப்பங்க போட்டீங்க?"

"பேட்டரியா? அது வாங்குனப்பப் போட்டதுதானே!"

வசந்தாமணி பேட்டரியைக் கழற்றி அவள் கையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகையில் குழு மட்டும் இருந்தது. மூன்று மைக்கையும் ஒவ்வொன்றாக ஒரே இடத்தில் வைத்து, ஒரே பாட்டைப் பொன்னனை வாசிக்க வைத்து, டேப்பைக் கேட்டு வசந்தாமணி நோட்டில் எழுதினாள். பென்சில்: தந்தி உரசுவதெல்லாம் கேட்கிறது, அடிக் கனம் குறைவு. பந்து: பரவாயில்லை, கொஞ்சம் மூக்கால் பேசுகிறது. சொரக்காய்: நெஞ்சில் இறங்குகிறது. பிறகு சொரக்காயை மட்டும் முன்னே பின்னே நகர்த்தி, கடைசியில் ஒரு சாணும் இரண்டு விரலும் என்று நிறுத்தினார்கள். கப்பலில் செத்தவன் யாரும் குறுக்கே பேசவில்லை.

வேலுமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "செரி, டேப்பப் போடுங்க. பொன்னா, வாசி."

பொன்னன் கிடாரை எடுக்கவில்லை. "எந்தக் கையிலங்ண்ணா?"

வேலுமணி முட்டை அட்டைகளை எண்ணுகிற மாதிரிச் சுவரைப் பார்த்தார். பிறகு ஸ்டாண்டில் இருந்த சொரக்காயைப் பார்த்தார். கடைசியில்தான் பொன்னனைப் பார்த்தார்.

"வாசிக்கற கையில வாசிடா. அட்டையில உன்ற பேருதான். எம்புத்தியச் செருப்பால அடிக்கோணும்."

பொன்னன் இடது கையால் முதல் தந்தியைத் தட்டினான். மறுநாள் கோழிக் குஞ்சுகள் வந்து இறங்குவதற்குள் ஆறு பாட்டும் முடிந்துவிட்டது.

அந்தக் கேசட் இன்றைக்கும் சில லாரிகளில் உதைத்துக்கொண்டிருக்கிறது. ஏறினால் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது அந்தச் சொரக்காயையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். மைக்குக்குக் காது உண்டு, மூளை கிடையாது. எவன் எதைச் சொன்னாலும் அப்படியே உள்ளே வாங்கி, இன்னும் பெரிய சத்தமாக வெளியே விடும். அதைக் குறை சொல்ல முடியாது, அதைச் செய்தவன் அதற்காகத்தான் செய்தான். புளியந்தோப்புக்கு வரிசையில் போய் நின்றோமே, நாம் எதற்காகத் தலையைச் சுமந்துகொண்டு போனோம்?